ராத்திரி பத்து மணிக் கறவை

ஒரு சின்ன கேள்வி பாஸ்... அதிகாலை நாலு மணியை நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க? எக்ஸாமுக்கு முந்தின ராத்திரியா? ஹாஸ்டல் மொட்டைமாடியில ஃப்ரெண்டுக்கு கேக் வெட்டி, அப்படியே விடிய விடிய அரட்டை அடிச்ச அன்னிக்கா? அதெல்லாம் தூங்காம பார்த்த நாலு மணி. தூங்கி எழுந்து பார்க்கிற நாலு மணி வேற மாதிரி இருக்கும். உங்க மெஸ் டீயில கலக்குற பால் அந்த நேரத்துலதான் தன் பயணத்தை ஆரம்பிக்குது.

அதைப் பார்க்கத்தான் இந்த வாரம் நாம தஞ்சாவூர் போறோம். தலையாட்டி பொம்மை, ஓவியத்தட்டு, அசோகா அல்வா எல்லாம் அடுத்த ட்ரிப்ல பார்த்துக்கலாம். இந்தத் தடவை நாம பார்க்கப்போறது ஒரு மாடு, ஒரு கன்னுக்குட்டி, ஒரு அம்மா, அப்புறம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில மூணாவது வருஷம் படிக்கிற என் நண்பன்.

கதை இதுதான். அவன் வீட்டு மாடு கன்னு போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. "முதல் மூணு வாரம் எத்தனை தடவை கறக்கிறோம்கிறதுலதான் வருஷம் முழுக்க வர்ற பால் இருக்கு, தெரியுமா?"ன்னு போன்ல ஒரு பாடமே எடுத்தான். "அம்மா ஒத்துக்க மாட்டேங்கிறாங்கடா, நீ வந்து சொல்லு"ன்னும் சொன்னான். நமக்குப் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கவே ஒழுங்கா வராது. இருந்தாலும் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

கல்லுல வெட்டின பால் கணக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தஞ்சாவூர் வந்து இறங்கினா, கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பெரிய கோயிலுக்குள்ள ஒரு ரவுண்டு. நீங்களும் போயிருப்பீங்க. நந்தி முன்னாடி போட்டோ எடுத்திருப்பீங்க. ஆனா கோயில் சுவர்ல கீழ் வரிசையில எழுத்து எழுத்தா வெட்டி வெச்சிருக்கே, அதை ஒரு நிமிஷம் நின்னு பார்த்திருக்கீங்களா?

அதுல ஒரு பால் கணக்கு இருக்கு. ராஜராஜ சோழன் காலத்துல, கோயில்ல ஒரு விளக்கு அணையாம எரியணும்னா தினமும் ஒரு உழக்கு நெய் வேணும். உழக்குன்னா கால் நாழி. அந்த நெய்க்காக மாடு மேய்க்கிறவங்ககிட்ட கால்நடைகளை ஒப்படைச்சிடுவாங்க. ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆடு இல்லைன்னா 48 பசு. அதுவும் இல்லைன்னா 16 எருமை. ஆக, ஒரு எருமைக்கு மூணு பசு சமம், ஒரு பசுவுக்கு ரெண்டு ஆடு சமம்னு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே டெல்டாக்காரங்க ரேட் போட்டு வெச்சிருக்காங்க!

ஒரு உழக்கு நெய்க்கு 48 பசுவான்னு தோணுதா? எல்லா மாடும் ஒரே நேரத்துல கறவையில இருக்காது. சிலது சினையா இருக்கும், சிலது பால் வத்திப்போயிருக்கும். கன்னுக்கும் பங்கு விடணும். இன்னிக்குப் பால் பண்ணை நடத்துறவங்க போடுற அதே கணக்குதான். மாடு கறந்தாலும் கறக்காட்டாலும் நெய் போய்ச் சேரணும்கிற கவலையும் அப்போதிலிருந்தே இருக்கு. அந்தக் கவலையைத்தான் மறுநாள் காலையில நேர்ல பார்க்கப்போறோம்.

புது ஆத்தைத் தாண்டி...

கோயிலை ஒட்டியே ஓடுது கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணையோட சேர்த்துக் கட்டி 1934-ல தண்ணி விட்டது. தொண்ணூறு வயசாகியும் ஊர்க்காரங்களுக்கு அது இன்னும் 'புது ஆறு'தான். நான் போனது மாசி மாசம். ஜனவரி 28-ம் தேதியோட மேட்டூரை அடைக்கிறது வழக்கம்ங்கிறதால ஆத்துல மணல்தான் இருந்தது. பட்டுக்கோட்டை ரோட்ல பஸ் போகப் போக, ரெண்டு பக்கமும் சம்பா அறுத்து முடிச்ச வயல். அறுத்த தாள் நடுவுல பச்சைப் பச்சையா உளுந்து முளைச்சிருக்கு. மெஷின் உருட்டிப் போட்ட வைக்கோல் கட்டுகள் வரப்போரம் லாரிக்குக் காத்துக்கிட்டு இருக்கு.

ஒரத்தநாட்டுல இறங்கும்போது மணி எட்டரை. சரபோஜி மன்னர் கட்டின முக்தாம்பாள் சத்திரம் இருக்கிற ஊர். 2012-லிருந்து இங்கேயே ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கு. "சொந்த ஊர்ல காலேஜ் இருந்தும் எனக்குக் கிடைச்சது நாமக்கல்"னு நண்பன் ஒவ்வொரு தடவையும் புலம்புவான். பைக்கோட வந்து நின்னான். கிராமத்துக்குள்ள நுழையுற இடத்துல ஒரு ஆலமரம். கிளையில ஏதோ வைக்கோல் பொட்டலம் தொங்குது.

"அது என்னடா?"

"நஞ்சுக்கொடி. எங்க மாட்டோடதுதான். பால் வடியுற மரத்துல கட்டினா மாட்டுக்குப் பால் நல்லா ஊறும்னு அம்மா கட்டச் சொன்னாங்க. அறிவியல் எல்லாம் கேக்காதே. கட்டினது நான்தான்."

நாலு தடவையா? நடக்காது!

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "வா தம்பி, சாப்பிட்டியா?" ரெண்டாவது கேள்வி, "இவன் சொல்றதை நீயும் நம்புறியா?"

அவன் சொன்ன திட்டம் இது. வழக்கமா விடியக்காலை ஒரு தடவை, மத்தியானம் மூணு மணிக்கு ஒரு தடவை கறப்பாங்க. கன்னு போட்ட முதல் 21 நாளைக்கு மட்டும் அதை நாலு தடவையா ஆக்கணும். அதுக்கப்புறம் பழையபடி ரெண்டு தடவை.

"நாலரைக்கு ஒண்ணு, பத்துக்கு ஒண்ணு, மூணுக்கு ஒண்ணு, ராத்திரி பத்துக்கு ஒண்ணா? நான் எப்ப ஒலை வைக்கிறது, எப்ப வயலுக்குப் போறது, எப்ப தூங்குறது? உன் வாத்தியார் வந்து கறப்பாரா?"

பெரிய விவாதத்துக்குப் பிறகு மூணு தடவைன்னு சமாதானம் ஆகியிருந்தது. ராத்திரி பத்து மணிக் கறவையை மகன் பார்த்துக்கணும், தீவனத்தைக் கூட்டணும். இந்த ரெண்டும் அம்மாவோட கண்டிஷன். அவன் லீவு திங்கட்கிழமை காலையோட முடியுது. அதுக்கப்புறம் யாரு? அந்தக் கேள்வியை ரெண்டு பேருமே கேட்டுக்கலை.

பத்து மணி ஆச்சு. கொட்டகையில ஒரே ஒரு பல்பு. ஜெர்சி கலப்புல பொறந்த செவலைப் பசு. ஈச்சங்கோட்டையில அரசாங்கத்தோட அயலினக் கால்நடைப் பண்ணையும் உறைவிந்து நிலையமும் இருக்கிறதால, இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு கலப்பின மாடுதான். நண்பன் முதல்ல கன்னுக்குட்டியை அவிழ்த்து விட்டான். அது ஓடிப்போய் மடியை முட்டி முட்டிக் குடிச்சது. ஒரு நிமிஷத்துல காம்பு நாலும் விறைச்சு நின்னுச்சு. கன்னைப் பிடிச்சு அம்மா முன்னாடி கட்டிட்டு, மடியைக் கழுவித் துடைச்சிட்டு உட்கார்ந்தான். சர்... சர்...னு சத்தம்.

"கன்னு முட்டினதும் மாட்டோட மூளையிலிருந்து ஆக்ஸிடோசின்னு ஒரு ஹார்மோன் வரும். அதுதான் பாலை இறக்கிவிடுது. கொஞ்ச நிமிஷம்தான் அதோட வேலை. அதுக்குள்ள கறந்து முடிக்கணும். பேசிக்கிட்டே இருந்தா அடக்கிக்கும்"னான். நான் வாயை மூடிக்கிட்டேன்.

பாதி மடி சொன்ன சேதி

கறந்து முடிச்சிட்டுத் திண்ணையில உட்கார்ந்து அவன் விளக்கினது எனக்கு ரொம்பப் பிடிச்சது. நீங்களும் கேளுங்க.

நாம என்ன நினைக்கிறோம்? மடிங்கிறது ஒரு பை. பால் ரொம்பும், நாம எடுப்போம், மறுபடி ரொம்பும். எத்தனை தடவை எடுத்தா என்ன, மொத்தம் அதேதானே? அங்கதான் தப்பு. மடிக்குள்ள இருக்கிற கோடிக்கணக்கான செல்கள் ரத்தத்திலிருந்து சத்தை எடுத்துப் பாலாக்கிக்கிட்டே இருக்கு. ஒரு லிட்டர் பாலுக்கு 400-லிருந்து 500 லிட்டர் ரத்தம் மடி வழியா ஓடணும். பால் தேங்கிக்கிட்டே போனா, 'போதும், நிறுத்து'ன்னு மடிக்குள்ளேயே ஒரு சிக்னல் உருவாகி, சுரக்கிற வேகம் குறையுது. காலி பண்ணிட்டா வேகம் திரும்புது.

இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? 2007-ல வால், மெக்ஃபேடன்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட சோதனை செம ஐடியா. பத்து மாடு. ஒவ்வொரு மாட்டுலயும் மடியோட ஒரு பாதியை தினம் ரெண்டு தடவை கறந்தாங்க, இன்னொரு பாதியை நாலு தடவை. இப்படி 21 நாள். ஒரே மாடு, ஒரே தீவனம், ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன். வித்தியாசம் வந்தா கறவையால மட்டும்தான் வரணும். 21-வது நாள்ல நாலு தடவை கறந்த பாதி கிட்டத்தட்ட 4 கிலோ அதிகமாக் கொடுத்தது. அப்புறம் ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி ரெண்டு தடவைதான் கறந்தாங்க. ஆனாலும் அந்தப் பாதி, மீதிக் கறவைக்காலம் முழுக்க தினம் ரெண்டு கிலோவை ஒட்டி அதிகமாவே கொடுத்துக்கிட்டு இருந்தது!

"அதாவது, முதல் மூணு வாரத்துல மடி தன் வேலையைக் கத்துக்குது. 'இந்த வீட்ல இவ்வளவு பால் தேவை'ன்னு புரிஞ்சுக்குது. அப்புறம் அதை மறக்கிறதில்லை"ன்னான். அவன் வாத்தியார் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். எனக்காக எளிமையாக்கிச் சொன்னான். செல்லுக்குள்ள என்ன மாறுதுங்கிறதை இன்னும் ஆராய்ஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.

இதுக்கு முன்னாடியே, 1995-ல இஸ்ரேல்ல ஒரு சோதனை வெளிவந்தது. முதல் ஆறு வாரம் சில மாடுகளை தினம் ஆறு தடவை கறந்தாங்க. வேற சில மாடுகளை மூணு தடவை கறந்து, மூணு தடவை கன்னைக் குடிக்க விட்டாங்க. ரெண்டு கூட்டமும் சாதாரணமா மூணு தடவை கறந்த மாடுகளை விட, அந்த ஆறு வாரத்துல அதிகமாப் பால் சுரந்தது. இந்தக் கன்னு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில வரும்.

ரெண்டு வேளை கடிகாரம்

சனிக்கிழமை. நாலு மணி. யாரோ உலுக்குறாங்க. "டீ போட்டிருக்கேன், எந்திரி தம்பி." அம்மா ஏற்கெனவே சாணி அள்ளி, கொட்டகை கழுவி, மாட்டுக்குத் தண்ணி காட்டி முடிச்சிருந்தாங்க. அவங்க கறக்கிற வேகத்துக்கு முன்னாடி நண்பன் ஒண்ணுமே இல்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் வழிச்சு எடுத்தாங்க. "கடைசிப் பால்தான் கனம். அதை விட்டுட்டா சொசைட்டியில காசு குறையும்." உண்மைதான். முதல்ல வர்ற பாலை விடக் கடைசியில வர்ற பால்ல கொழுப்பு பல மடங்கு. கொழுப்பையும் மற்ற திடச்சத்தையும் பார்த்துத்தான் ஆவின் விலை போடுது.

கறந்து முடிச்சதும் மாட்டு முன்னாடி ஒரு கட்டுப் புல்லைப் போட்டாங்க. "எதுக்கும்மா இப்ப?"ன்னேன். "தின்னுக்கிட்டு நின்னாத்தான் உடனே படுக்காது. காம்புக்கண் மூட அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள சாணியில படுத்துச்சுன்னா மடிநோய்தான்." இது அவங்க எந்தப் புத்தகத்துலயும் படிக்கலை. மகனோட புத்தகத்துல இருக்கு.

விடிஞ்சும் விடியாத நேரத்துல தூக்குவாளியோட சொசைட்டி வாசல். சைக்கிள்ல கேன் கட்டிக்கிட்டு வந்த தாத்தா, இடுப்புல பிள்ளையோட ஒரு அக்கா, யூனிஃபார்ம்ல ஒரு ஸ்கூல் பையன். அளந்து, பால்மானியை மிதக்கவிட்டு, சாம்பிள் எடுத்து, அட்டையில எழுதிக் கொடுக்கிறாங்க. காலையில ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல ஒரு தடவை. அவ்வளவுதான். 1946-ல குஜராத்தில் கேடா யூனியன் ஆரம்பிச்ச அந்த ரெண்டு வேளைப் பழக்கம், 1970-ல தொடங்கின வெண்மைப் புரட்சியோட நாடு முழுக்கப் பரவி, இந்தத் தஞ்சாவூர் கிராமத்து மாட்டோட கடிகாரமாவும் ஆயிடுச்சு. தன் சொந்த இஷ்டப்படி கறவைக்குப் போற மாடுகளும் உலகத்துல இருக்கு. நெதர்லாந்துல 1992-லேயே கறவை ரோபோ வந்தாச்சு. மாடு தானா நடந்து போய் நிக்கும், மெஷின் கறந்துவிடும். இங்கே மாடு சொசைட்டி நேரத்துக்குத்தான் சுரக்கணும்!

அப்போ மூணாவது கறவைப் பால் எங்கே போகும்? ராத்திரிப் பாலைக் காலைப் பாலோட சேர்த்தா கெட்டுப்போற ஆபத்து. அதனால பத்து மணிப் பால் வீட்டுல தயிர் ஆச்சு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போச்சு. காசு ஒண்ணும் வரலை. "இந்த 21 நாள் காசை நான் எதிர்பார்க்கலை"ன்னான் நண்பன். "அப்புறம் ரெண்டு வேளைக்குத் திரும்பிடுவோம்ல? அப்போ சொசைட்டி நேரத்துலயே தினம் ஒரு லிட்டர் கூட வந்தா போதும். லிட்டருக்கு 35 ரூபாய்னு வெச்சுக்க. 280 நாளைக்கு 9,800 ரூபாய். என் ஹாஸ்டல் செலவுக்கு அம்மா கடன் கேட்க வேண்டியதில்லை."

இந்த ஒரு வாக்கியம்தான் அவன் திட்டத்தோட மொத்தக் காரணமும். மாடு சம்பந்தமான ஆராய்ச்சியா அதுவரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்த எனக்கு, அப்போதான் விஷயம் புரிஞ்சுது.

தொட்டி என்ன சொல்லுது?

"சரிம்மா, இவ்வளவு நல்ல விஷயம்னா ஏன் வேணாம்னீங்க?"ன்னு அம்மாகிட்டயே கேட்டேன். அவங்க வாயால பதில் சொல்லலை. என்னைக் கூட்டிட்டுப் போய் மாட்டோட விலாவைக் காட்டினாங்க. ரெண்டு எலும்பு தெரிஞ்சுது.

"கன்னு போட்ட மாடு தன் ஒடம்பைக் கரைச்சுத்தான் பால் குடுக்கும். நீ கறக்கக் கறக்க அது குடுத்துக்கிட்டேதான் இருக்கும், வேணாம்னு சொல்லாது. நாமதான் பாத்து நிறுத்தணும்."

நண்பன் தலையைக் குனிஞ்சான். ஏன்னா இதுவும் அவன் பாடத்துல இருக்கு. கன்னு போட்ட மாடு ஆறிலிருந்து எட்டு வாரத்துல உச்சகட்டப் பால் கொடுக்கும். ஆனா அதோட பசி உச்சத்துக்கு வர இன்னும் சில வாரம் ஆகும். நடுவுல விழுற துண்டை உடம்புக் கொழுப்பைக் கரைச்சுத்தான் மாடு சரிக்கட்டும். அது எல்லை மீறினா கீட்டோசிஸ் வரும், அடுத்த சினை பிடிக்கவும் தள்ளிப்போகும். அந்த அமெரிக்க, இஸ்ரேல் மாடுகள் எல்லாம் சத்தை அளந்து அளந்து சாப்பிடுற ஹோல்ஸ்டீன் மாடுகள். மேய்ச்சலை நம்பியிருக்கிற நியூசிலாந்து மாடுகள்ல முதல் வாரங்கள்ல மூணு தடவை கறந்து பார்த்தப்போ, பெருசா லாபம் கிடைக்கலை. மடி தயாரா இருந்தும் தொட்டியில சரக்கு இல்லை!

டெல்டாவுல தொட்டியில என்ன இருக்கு? வைக்கோல். ஊர் முழுக்க நெல்லுங்கிறதால எங்கே பார்த்தாலும் வைக்கோல். வயிறு ரொம்பும், ஆனா அதுல புரதம் நூத்துக்கு மூணு, நாலு பங்குதான். ரெண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ கலப்புத் தீவனம்னு ஒரு பொதுக் கணக்கு இருக்கு. அம்மா போட்ட கண்டிஷன்படி, நண்பன் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, உளுந்துப் பொட்டு, தாது உப்பு எல்லாம் வாங்கிப் போட்டிருந்தான். வாய்க்கால் ஓரமா கோ-4 புல்லும் நட்டிருந்தான். பால் தினம் ஒரு லிட்டர் சொச்சம் கூடியிருந்தது.

"ஆக, உன் மூணாவது கறவை ஜெயிச்சுடுச்சு?"

"அப்படிச் சொல்ல முடியாதுடா. தீவனத்தையும் கூட்டினோம்ல? எதனால கூடிச்சுன்னு ஒரே ஒரு மாட்டை வெச்சு எப்படிச் சொல்றது? அதுக்குத்தானே அவங்க பாதி மடி வெச்சு பண்ணினாங்க."

இந்தப் பதிலுக்காகவே இவனை டாக்டரா ஏத்துக்கலாம்னு எனக்குத் தோணிச்சு.

கொருக்கை வரைக்கும் ஒரு பைக் ரைடு

ஞாயித்துக்கிழமை காலைக் கறவை முடிஞ்சதும், "வா, அந்தக் காலத்து டெல்டா மாட்டைக் காட்டுறேன்"னு பைக்கை எடுத்தான். மன்னார்குடி, அங்கேயிருந்து திருத்துறைப்பூண்டி, பக்கத்துல கொருக்கை. உம்பளச்சேரி இனத்தைக் காப்பாத்துறதுக்குன்னே அரசாங்கம் இங்கே கால்நடைப் பண்ணை வெச்சிருக்கு. நாகப்பட்டினம் மாவட்டத்துல இருக்கிற உம்பளச்சேரி கிராமத்தோட பேர்தான் இந்த மாட்டுக்கு. தெற்கத்தி மாடுன்னும் சொல்வாங்க. காளைங்களுக்குக் கொம்பைத் தீய்ச்சுடுற வழக்கம் இருந்ததால மொட்டை மாடுன்னும் பேர் உண்டு.

வழியில ஒரு வரப்போரம் தாயும் கன்னுமா நின்னுச்சு. தாய் சாம்பல் நிறம். கன்னு செம்மண் நிறத்துல, நெத்தியிலயும் குளம்புகிட்டயும் வெள்ளையா, வாலோட நுனியும் வெள்ளையா... அவ்வளவு அழகு! ஆறு மாசம் ஆனா அதுவும் சாம்பலா மாறிடுமாம். முழங்கால் அளவு சேத்துல நாள் முழுக்க ஏர் இழுக்கிறதுக்குன்னே வளர்ந்த இனம். பால்? ஒரு கறவைக்காலத்துக்கே ஐந்நூறு கிலோவை ஒட்டித்தான். நண்பன் வீட்டுச் செவலை ரெண்டே மாசத்துல கொடுத்துடுற அளவு. டிராக்டர் வந்து ஏர் போனதும், இதுங்க எண்ணிக்கையும் குறைஞ்சுபோச்சு.

ஆனா அந்தத் தாயும் கன்னும் என்ன பண்ணிச்சுன்னு பார்த்தேன். கன்னு மேயும், ஓடும், வரும், ரெண்டு முட்டு முட்டிக் குடிக்கும், போகும். நாங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவை. மடியை நாளுக்குப் பல தடவை காலி பண்றதைக் கன்னுக்குட்டி ஆதியிலிருந்தே செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. நடுவுல கயித்தைக் கட்டி, சொசைட்டி நேரம் வெச்சு, ரெண்டு வேளையா குறைச்சது நாமதான். இதை நான் சொன்னதும் நண்பன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

திங்கட்கிழமை

ஞாயிறு ராத்திரி பத்து மணிக் கறவை. அதுதான் அவனுக்குக் கடைசி. மாடு கன்னு போட்டுப் பதினொண்ணாவது நாள். இன்னும் பத்து நாள் பாக்கி. கறந்துக்கிட்டே, "நான் போனதும் இதை நிறுத்திடும்மா. நீ தூங்கு"ன்னான். அம்மா பதில் பேசலை.

மறுநாள் விடியக்காலையில நாங்க கிளம்பினோம். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல நான் என் ஊர் பஸ்ல ஏறினேன், அவன் நாமக்கல் போக திருச்சி பஸ்ல ஏறினான். பையில ஒரு டப்பா தயிர். பத்து மணிப் பால்ல உறையூத்தினது.

ரெண்டு வாரம் கழிச்சுப் போன் பண்ணினான். "டேய், அம்மா நிறுத்தவே இல்லடா. ஆனா எந்திரிச்சுக் கறக்கவும் இல்லை."

"அப்புறம்?"

"ராத்திரி படுக்கப் போறப்போ கன்னை அவிழ்த்து விட்டுட்டாங்களாம். அது குடிச்சு முடிச்சதும் கட்டிட்டுப் படுத்துக்கிறாங்க. 'உன் அலாரமெல்லாம் கன்னுக்கு எதுக்கு'ன்னு கேக்குறாங்க. கன்னும் கொழுகொழுன்னு ஆயிடுச்சாம்."

இஸ்ரேல்ல கன்னை விட்டுப் பார்த்த சோதனை ஞாபகம் வந்துதா? எனக்கும் வந்தது. அம்மாவுக்கு அது தெரியாது. தூக்கமும் போகக்கூடாது, மாடும் இளைக்கக்கூடாது, மகன் சொன்னதும் கெட்டுப்போகக்கூடாது. மூணுக்கும் சேர்த்து அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சுட்டாங்க. வருஷக் கடைசியில எத்தனை லிட்டர் கூடிச்சுன்னு அவன் நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கான். முடிஞ்சதும் சொல்றேன்னிருக்கான்.

நீங்க அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ மாடு இருந்தா, ஒரே ஒரு நாள் நாலு மணிக்கு எழுந்து பாருங்க. தூக்குவாளியை சொசைட்டி வரைக்கும் நீங்களே தூக்கிட்டுப் போங்க. பிடிப்பக்கம் கை எப்படிச் சிவக்குதுன்னு தெரியும். உங்க ஃபீஸ் ரசீதுல அது எழுதியிருக்காது.

நீங்களும் போகணுமா?

தஞ்சாவூர்லேருந்து பட்டுக்கோட்டை பஸ் ஏறினா ஒரத்தநாட்டுல இறங்கலாம். கொருக்கைக்கு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழி. பண்ணைக்குள்ள போய்ப் பார்க்க முன்அனுமதி கேட்டுக்குங்க. தை, மாசியில போனா அறுவடையும் உளுந்தும் பார்க்கலாம். வழக்கமா ஜூன் 12-ல மேட்டூர் திறக்கும், அதுக்கப்புறம் போனா புது ஆத்துல தண்ணி பார்க்கலாம். யார் வீட்டுலயாவது அப்போதான் மாடு கன்னு போட்டிருந்தா, கண்டிப்பா சீம்பால் கிடைக்கும். கன்னு வயிறு ரொம்பக் குடிச்சதுக்கு அப்புறம் மிச்சம் இருந்தா மட்டும் வாங்கிச் சாப்பிடுங்க. அது முதல்ல அதோட சாப்பாடு!